ஸ்பொஞ் துவக்கு வாங்கப் போகிறீர்களா? முதலில் குண்டைப் பாருங்கள்

ஏப்ரல் லீவுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் பத்துப் பேர் ஒரே வீட்டில் கூடினால், மூன்றாம் நாள் "எங்களுக்கு ஸ்பொஞ் துவக்கு வேணும்" என்று பேச்சு எழும். ஸ்பொஞ்சால் செய்த குண்டைச் சுடுகிற விளையாட்டுத் துவக்கு அது. கடைக்குப் போனதும் எல்லாக் கையும் போவது அங்கே உள்ளதிலேயே பெரிய பெட்டிக்குத்தான். ஒருவன் தனியாகச் சுவரைச் சுட்டு விளையாட அது சரி. ஒரு கூட்டத்துக்கு வாங்குவதென்றால் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். விளையாடப் போகும் இடத்தை முதலில் யோசியுங்கள், பிறகு குண்டு, துவக்கு கடைசியில்.

துவக்கு ஒன்றிரண்டு வருடம் உழைக்கும். குண்டு அப்படியல்ல. தேயிலைக்குள் விழும், கானில் போகும், நாய் கவ்விக்கொண்டு ஓடும். ஆகவே திரும்பத் திரும்ப வாங்கப்போவது குண்டைத்தான். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சுலபமாகக் கிடைக்கிற குண்டு எதுவோ, அதைச் சுடுகிற துவக்கை வாங்குவதுதான் புத்தி.

அதிகம் புழங்குவது, ஸ்பொஞ் துவக்கில் பேர்போன நேர்ஃப் கம்பெனி 2012இல் கொண்டுவந்த எலீட் அளவு. நீளம் ஏறக்குறைய 72 மில்லிமீற்றர், குறுக்களவு 13 மில்லிமீற்றருக்குக் கிட்ட, எடை ஒரு கிராம் அளவு. எக்ஸ்-ஷொட் போன்ற மற்றக் கம்பெனிகளின் சாதாரணக் குண்டும், பெயரில்லாமல் பொலித்தீன் பையில் நூறாக விற்கிற குண்டும் பெரும்பாலும் இதே அளவுதான், ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம். இதில் பாதி நீளம், அதாவது 36 மில்லிமீற்றர் அளவில் ஒரு குட்டைக் குண்டு உண்டு. வேகமான துவக்குகளுக்காக வந்தது அது, சாதாரண மெகசினில் (குண்டை அடுக்கித் துவக்கில் மாட்டும் பெட்டியில்) சரியாக ஏறாது. மெகா என்ற தடித்த குண்டும், ரைவல் என்ற சிறு பந்தும் வேறு சாதி. 2024இல் நேர்ஃப் இறக்கிய என்-சீரிஸ் துவக்குக்கு என்-1 என்ற தனிக் குண்டு, அதைப் பழைய எலீட் துவக்கில் போட முடியாது. பத்துப் பிள்ளைகளிடம் மூன்று அளவுக் குண்டு இருந்தால் விளையாட்டில் பாதி நேரம் "இது யார்ர?" என்று பொறுக்கிப் பிரிப்பதிலேயே போய்விடும். முழுக் கூட்டத்துக்கும் ஒரே அளவு என்று முடிவெடுங்கள்.

பெயரில்லாத குண்டை வாங்குவதில் தவறில்லை, சோதித்து வாங்க வேண்டும். பையிலிருந்து ஐந்தை எடுங்கள். குண்டின் முனையில் ஒட்டியிருக்கும் தலையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்து முறுக்கிப் பாருங்கள். பசை நூலாக இழுபட்டாலோ தலை ஆடினாலோ அந்தப் பையை வைத்துவிடுங்கள். அடுத்து நகத்தால் தலையை அழுத்துங்கள். நேர்ஃப் தலை அமுங்கி எழும். மலிவுக் குண்டு சிலவற்றில் தலை கட்டை மாதிரி இருக்கும், அது வேண்டாம். கடைசியாக மேசையில் உருட்டுங்கள். வளைந்த குண்டு நொண்டிக்கொண்டு போகும். பறக்கும்போது வாலை ஆட்டி ஒரு பக்கமாக ஒதுங்குவது இதுதான்.

சுவரில் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சு முனைக் குண்டைச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதை வாயில் வைத்துக் கடித்த பிள்ளைகள் தொண்டையில் அடைத்து இறந்துபோனதால், 2010இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட துவக்குச் செட் 18 இலட்சத்தைத் திருப்பி வாங்கினார்கள். குண்டை வாயில் கவ்விக்கொண்டு துவக்கை நிரப்பும் பழக்கம் பெரிய பிள்ளைகளுக்கும் உண்டு. எந்தக் குண்டானாலும் அதை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும்.

இனித் துவக்கு. உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று ஸ்பிரிங் வகை. பிடியை இழுத்தால் ஸ்பிரிங் ஒடுங்கும், விசையை அமர்த்தினால் பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். மற்றது சில்லு வகை. பெட்டரியில் சுழலும் இரண்டு சில்லுகளுக்கு நடுவே குண்டு நுழைந்து, பிசுங்கிப் பறக்கும்.

ஸ்பிரிங் வகையிலும், குண்டு செருகும் சுழல் உருளை வைத்ததும் மெகசின் வைத்ததும் என்று பிரிவு உண்டு. நேர்ஃபின் ஸ்ட்ரோங்ஆம், டிஸ்ரப்டர், எலீட் 2.0 கொமாண்டர் எல்லாம் ஆறு குண்டு உருளைக்காரர். குழு விளையாட்டுக்கு என் ஓட்டு இந்த ஆறு குண்டு உருளைக்குத்தான். முன்னாலிருந்தே குண்டைச் செருகலாம், இரண்டு சுட்டால் இரண்டை மட்டும் நிரப்பலாம். குண்டு கொஞ்சம் கசங்கியிருந்தாலும் ஈரமாயிருந்தாலும் சிக்காது, ஏனென்றால் உள்ளே அது எங்கேயும் நகர்வதில்லை, வைத்த இடத்திலிருந்தே பறக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் இழுக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இழுக்கும் பிடி மேலே இருக்கிற வகை சிறு கைக்குக் கஷ்டம்.

மெகசின் வகையில் குண்டு ஒவ்வொன்றாக மேலே ஏறி, முன்னே தள்ளப்பட்டு, குழலுக்குள் போக வேண்டும். ஏதாவது ஒன்று கிழிந்திருந்தால் அங்கேயே மடங்கி நிற்கும். சிக்கினால் பலத்தைப் போட்டு இழுக்காதீர்கள். மெகசினைக் கழற்றி, மேலே உள்ள சின்னக் கதவைத் திறந்து, விரலால் எடுங்கள். இழுத்தால் உள்ளே உள்ள பிளாஸ்டிக் பல் உடையும், அதற்கு வைத்தியம் இல்லை. 18 குண்டு மெகசினில் 17 போட்டால் முதல் குண்டு இலகுவாக ஏறும்.

சில்லு வகை பார்க்க ஜோர். நேர்ஃபின் ஸ்ட்ரைஃப் மாதிரித் துவக்கில் விசையை அமர்த்த அமர்த்த ஒவ்வொன்றாகப் போகும். ஆனால் சத்தம் வரும், ஒளிந்திருக்கிறவனைக் காட்டிக்கொடுக்கும். சில்லை ஓடவிட்டு ஒரு செக்கன் பொறுக்காமல் சுட்டால் குண்டு காலடியில் விழும், அல்லது சில்லுகளுக்கு நடுவில் மாட்டும். சின்னவர்கள் பொறுப்பதில்லை. பத்துத் துவக்கில் இரண்டு சில்லு வகை இருந்தால் ருசி, பத்துமே அப்படியென்றால் பெட்டரிக்கே சம்பளம் போகும்.

அந்த பெட்டரி விஷயம் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டியது. ஸ்ட்ரைஃப் நாலு பென் டோர்ச் (ஏஏ) பெட்டரி கேட்கும். ஒன்றுக்கு 1.5 வோல்ட்டாக 6 வோல்ட். தோட்டத்துக் கடையில் கிடைக்கிற மலிவுக் காபன் பெட்டரி சுவர் மணிக்கூட்டுக்கு நல்லது. மோட்டர் ஒரேயடியாக இழுக்கும்போது அதன் வோல்ட் சரிந்துவிடும், சில்லு முனகும், குண்டு நாலு மீற்றரில் விழும். நுவரெலியாக் குளிரில் இன்னும் மோசம். அல்கலைன் போடுங்கள், அல்லது சார்ஜ் ஏற்றும் நிக்கல் பெட்டரி. நிக்கலில் ஒன்று 1.2 வோல்ட்தான், நாலுக்கு 4.8 வருகிறதே என்று பயப்பட வேண்டாம். இழுக்கும்போது சரியாமல் நிற்பது அதுதான். ஒரு பெட்டரியைத் தலைகீழாகப் போட்டால் துவக்கு நிற்காது, அரை உயிரில் ஓடும். மூன்று தருவதை ஒன்று தின்று மிச்சம் 3 வோல்ட்டில் நிற்கும். "மோட்டர் போச்சு" என்று கொண்டுவரும் துவக்கில் முதலில் பார்க்க வேண்டியது இது. பென் டோர்ச் அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் பெட்டரியும் இருக்கிறது. நாலு போட்டால் 14.8 வோல்ட். இரண்டு நாளைக்குத் துவக்கு சிங்கமாகப் பாயும், பிறகு மோட்டர் கருகும், பெட்டரியும் அளவுக்கு மீறிச் சூடேறும். தொடவே வேண்டாம்.

கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிடியை முழுக்க இழுத்து விடுவதை மூன்று தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் "டக்" என்று பூட்ட வேண்டும், உருளை ஒரு அறை நகர்ந்து குழலுக்கு நேரே நிற்க வேண்டும். குண்டில்லாமல் சுடாதீர்கள். தள்ள ஒன்றும் இல்லாததால் பிஸ்டன் தடையில்லாமல் போய் முன்சுவரில் மோதும். மெகசின் வகை இழுபடாவிட்டாலோ சில்லு ஓடாவிட்டாலோ உடனே பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். மெகசின் முழுக்க ஏறாமலோ மேல் கதவு மூடாமலோ இருந்தால் பாதுகாப்புப் பூட்டு விடாது. இரண்டையும் அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாத் துவக்கையும் அளந்துவிட வேண்டும், ஏனென்றால் குழு விளையாட்டில் சண்டை வருவதே ஒருவனுடையது மற்றவனுடையதைவிடப் பாய்வதால்தான். பெட்டியில் 90 அடி என்று போட்டிருப்பது வானத்தைப் பார்த்துச் சாய்த்துச் சுட்ட தூரம். நேராகப் பிடித்தால் பத்து மீற்றரிலேயே குண்டு தரைக்கு வந்துவிடும். அளக்க வேண்டியது வேகத்தை. அதற்குத் தனிக் கருவி வேண்டாம், ஸ்லோ மோஷனில் ஒரு செக்கனுக்கு 240 படம் எடுக்கிற போன் போதும். சுவரில் சோக்கட்டியால் இரண்டு மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். போனை மூன்று மீற்றர் தள்ளி, சுவருக்கு நேரெதிரே அசையாமல் வையுங்கள். சுவரை ஒட்டினாற்போல் ஒருவர் சுட, மற்றவர் படம் எடுக்கட்டும். பிறகு படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி, முதல் கோட்டிலிருந்து இரண்டாம் கோட்டுக்குப் போக எத்தனை படம் ஆனது என்று எண்ணுங்கள். இரண்டை 240ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் வேகம். 23 படம் ஆனால் செக்கனுக்கு ஏறக்குறைய 21 மீற்றர், சாதாரண எலீட் துவக்கின் வேகம் அது. 11 படம் என்றால் 44 மீற்றருக்குக் கிட்ட. (பெட்டியில் உள்ள எஃப்பிஎஸ் செக்கனுக்கு எத்தனை அடி, போனில் உள்ள எஃப்பிஎஸ் செக்கனுக்கு எத்தனை படம். இரண்டையும் குழப்பிக்கொண்டு கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.) மூடுபனி நேரத்தில் ஸ்லோ மோஷன் இருட்டாக வரும், நடுப்பகலில் எடுங்கள்.

வேகம் இரண்டு மடங்கானால் அடியின் பலம் நாலு மடங்கு. ஒரு கிராம் குண்டு 21 மீற்றர் வேகத்தில் 0.22 ஜூல், 44 மீற்றரில் ஒரு ஜூலுக்குக் கிட்ட. புரோ என்று போட்டுச் செக்கனுக்கு 150 அடி வேகம் சொல்லும் துவக்குகள் இந்த இரண்டாம் வகை. பெரியவர்கள் மட்டும் முகமூடி போட்டு விளையாடட்டும். சின்னவர்கள் கலந்த கூட்டத்தில் 25 மீற்றரைத் தாண்டுகிற எதையும் அன்றைக்கு அலுமாரியில் வைத்துவிடுவது நல்லது.

குறியையும் பார்த்துவிடலாம். பழைய பேப்பர் ஒன்றை விரித்துக் கயிற்றில் கட்டி, எட்டு மீற்றரில் நின்று பன்னிரண்டு குண்டு சுடுங்கள். ஒன்பது பட்டால் நல்ல துவக்கு. குறைந்தால் துவக்கைத் திட்டாமல் புதுக் குண்டு போட்டு மறுபடி சுடுங்கள். அநேகமாகக் குற்றம் குண்டிலேயே இருக்கும்.

1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால் குண்டு கொஞ்சம் கூடத்தான் போக வேண்டும். கொடுப்பினை அவ்வளவுதான், மூடுபனி வந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும். ஈரத்தில் கிடந்த ஸ்பொஞ் தண்ணீரை இழுத்துக் கனக்கும், குழலில் இறுகும், சில்லில் வழுக்கும். அப்புத்தளைப் பக்கம் காற்று அடிக்கிற நாளில் ஒரு கிராம் குண்டால் குறிபார்ப்பதே வீண், கூடத்துக்குள் விளையாடுங்கள்.

நனைந்த குண்டைக் காயவைப்பதில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசை இளகித் தலை கழன்றுவிடும். ஒரு துணியில் சுற்றி மெதுவாக அமுக்குங்கள், பிழியாதீர்கள். சுளகில் பேப்பர் போட்டு, ஒன்றோடொன்று படாமல் பரப்பி, காம்பராவுக்குள் இரண்டு இரவு விடுங்கள். நசுங்கிப்போன குண்டுக்குத் தலைமுடி காயவைக்கும் ட்ரையரைத் தள்ளிப் பிடித்து வெதுவெதுப்பாகக் காட்டினால் ஓரளவு நிமிரும்.

பிஸ்டன் இறுகினால் வீட்டில் கைக்கு வருவது தேங்காய் எண்ணெய். ஊற்றிவிடாதீர்கள். 24 பாகைக்குக் கீழே அது உறையும், நுவரெலியாவில் போத்தலுக்குள்ளேயே வெள்ளையாகக் கட்டி நிற்பதை நாளும் பார்க்கிறோமே, அதேதான் பிஸ்டனைச் சுற்றியும் நடக்கும். காலையில் துவக்கு இழுபடாது. சைக்கிள் கிரீசும் தையல் மெஷின் எண்ணெயும் ரபர் வளையத்தை ஊதவைக்கும். சிலிக்கன் கிரீஸ் மட்டும், அதுவும் பயற்றம்பருப்பு அளவு. சில்லுக்கு எண்ணெயே ஆகாது, துணியில் கொஞ்சம் சேர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும்.

கண்ணுக்கு வருவோம். 2017இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் வைத்தியசாலை மருத்துவர்கள், நேர்ஃப் குண்டு கண்ணில் பட்டு உள்ளே இரத்தம் கசிந்த மூன்று பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். இருவர் வளர்ந்தவர்கள், ஒருவன் பதினொரு வயதுப் பையன். ஆகவே வெயில் கண்ணாடியை நம்பாதீர்கள். ஹாட்வெயார் கடையில் கிரைண்டர் வேலைக்கு விற்கிற, பக்கமும் மூடிய பொலிகாபனேட் கண்ணாடி வாங்குங்கள், பிரேமில் இஎன் 166 அல்லது இஸட் 87 என்ற பாதுகாப்புத் தரக் குறி பொறித்திருக்கும். நம்மூர்க் குளிரில் ஓடி வியர்த்ததும் அது பனிமூட்டம் போடும், பிள்ளை உடனே கழற்றும், அந்த நிமிடந்தான் அடி விழும். விளையாட முன் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியைக் கண்ணாடியின் உட்பக்கம் விரலால் பூசி, மிருதுவான துணியால் தெளிவாகும்வரை துடையுங்கள். அரை மணி தாங்கும்.

இடம் பார்க்கும்போது தேயிலை மலையை விட்டுவிடுங்கள். செடிக்கு நடுவே ஓடினால் கானில் கால் போகும், அட்டை ஏறும், கொப்பு முறிந்தால் கங்காணி வருவார். பாடசாலை மைதானம், கோயில் முன்றல், வேலையில்லாத நேரத்துப் பெரட்டுக் களம் நல்லது. ஆட்டம் தொடங்குமுன் ஒரு பெரியவர் சுற்றியுள்ள மரங்களையும் கூரையோரத்தையும் அண்ணாந்து பார்த்துவர வேண்டும். குளவிக் கூடு இருந்தால் அங்கே ஆட்டமே கிடையாது. குளவி கொட்டினால் என்னாகும் என்று தோட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மரத்தைப் பார்த்துச் சுடுகிறவனை அப்போதே வெளியே இருத்துங்கள்.

குண்டு வாங்கும்போது செம்மஞ்சள் நிறம் எடுங்கள், புல்லில் தெரியும். பச்சைக் குண்டு விழுந்த இடத்திலேயே காணாமல் போகும். துவக்குக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் அது விளையாட்டுச் சாமான் என்று தெரிய வேண்டும். மெயின் ரோட்டில் பையை விட்டு வெளியே எடுக்கவும் கூடாது.

பத்துப் பேருக்கு எட்டு உருளைத் துவக்கு, இரண்டு சில்லுத் துவக்கு, இருநூறு குண்டு. ஆளுக்கு இருபது, அதாவது மூன்று தடவை நிரப்பி இரண்டு மிச்சம். சில்லுத் துவக்கு அணிக்கு ஒன்று, யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். தலைக்குப் பட்டால் கணக்கில்லை, இரண்டு மீற்றருக்குள் சுடக் கூடாது, கையால் தொட்டால் போதும்.

துவக்கு குறைவாக இருந்தால் கிளித்தட்டைக் கொஞ்சம் மாற்றி ஆடலாம். கோடுகளில் காவல் நிற்பவர்களுக்கு மட்டும் ஆறு குண்டு, கோட்டில் கால் இருக்கும்போதுதான் சுடலாம். இறங்குகிறவர்கள் வெறுங்கை. குண்டு பட்டால் தொடக்கத்துக்குத் திரும்பி வர வேண்டும், எல்லாத் தட்டையும் தாண்டித் திரும்பினால் பழம். இதில் ருசி என்னவென்றால், இறங்குகிறவர்கள் சேர்ந்து ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவார்கள். ஆறாவது குண்டு போனதும் காவல்காரன் உருளையை நிரப்பக் குனிவான், அந்த இடைவெளியில் மூன்று பேர் பாய்வார்கள். விவரமான காவல்காரன் நாலோடு நிறுத்தி இரண்டை வைத்துக்கொள்வான். உருளைத் துவக்கில்தான் இந்த ஆட்டம் வரும், 18 குண்டு மெகசினைக் கொடுத்தால் செத்துப்போகும்.

பதினைந்து இருபது பேர் சேர்ந்தால் 2005இல் அமெரிக்காவின் கௌச்சர் கல்லூரியில் தொடங்கிய மனிதர்–ஜொம்பி ஆட்டம் நல்லது. ஒருவர் ஜொம்பி, கையில் துவக்கு இல்லை, தொட்டால் தொடப்பட்டவரும் ஜொம்பி. குண்டு பட்ட ஜொம்பி ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். ஐந்தாறு துவக்கே போதும்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் ஒரு வரிசையாக நின்று மைதானத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பொறுக்கி, கூடையில் போட்டு எண்ணுங்கள். எண்ணிக்கை வராமல் யாரும் தேத்தண்ணிக்குப் போகக் கூடாது. தலை ஆடுவதையும் கிழிந்ததையும் அங்கேயே எடுத்து வீசிவிடுங்கள், அடுத்த முறை சிக்கப்போவது அவைதான். துவக்கை அடுக்கும்போது ஒவ்வொன்றின் ஸ்பிரிங்கும் விடுபட்டிருக்கிறதா, உருளை காலியா, பெட்டரி கழற்றியாயிற்றா என்று பாருங்கள். இழுத்தபடி ஒரு மாதம் கிடந்த ஸ்பிரிங் தளர்ந்துவிடும், உருளைக்குள்ளேயே விட்ட குண்டு ஓகஸ்ட் லீவுக்கு எடுக்கும்போது பின்பக்கம் விரிந்து நிற்கும்.